காலூன்ற இடம் தேடிய நாடோடி

இறுக்கமான மேற்கோட்டு, தொளதொளவென்று தொங்கும் காற்சட்டை, பாதத்திற்குப் பொருந்தாத பெரிய பூட்சு, தலையிலே சிறிய வட்டத் தொப்பி, மூக்கின் கீழே சின்னஞ்சிறு மீசை, கையிலே வளைந்து நெளியும் பிரம்பு. இத்தனையும் சொன்ன பிறகு பெயரையும் சொல்ல வேண்டுமா? சார்லி சாப்ளின் என்று சிறு குழந்தையும் சொல்லிவிடும் அன்றோ!

அவர் மறைந்து பல ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. ஆயினும் அவருடைய ஊமைப்படங்களைக் கண்டு இன்றும் உலகம் சிரிக்கிறது. ஆனால் எங்கள் வகுப்பில் ஒரு கேள்வி எழுந்தது. வேலையும் வீடும் இன்றிப் பெருநகரத்தில் பசியோடு அலையும் ஒருவனைக் காட்டித்தானே அவர் நம்மைச் சிரிக்க வைத்தார்? தெருவோரத்தில் படுத்திருக்கும் ஓர் ஏழையைப் பார்த்து நாங்கள் சிரித்தால் எங்கள் சகோதரிகளும் பெற்றோரும் கடிந்துகொள்வார்கள். தெருவில் தவறானது திரையில் மட்டும் சரியாகுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடியே அவருடைய வாழ்க்கையைப் படித்தோம். படித்ததை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

வறுமையின் மடியில்

சார்லஸ் ஸ்பென்சர் சாப்ளின் 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். தந்தை, தாய் ஹன்னா இருவருமே மேடைப் பாடகர்கள். தந்தை குடிப்பழக்கத்திற்கு அடிமையாகிக் குடும்பத்தை விட்டுப் பிரிந்தார். அன்னையின் மூத்த மகன் சிட்னி, சார்லியைவிட நான்கு வயது மூத்தவர். இரு சிறுவர்களையும் வளர்க்கும் பொறுப்பு அன்னையின் தலையில் விழுந்தது.

சார்லிக்கு ஐந்து வயதாக இருந்தபோது, ஆல்டர்ஷாட் என்னும் ஊரின் மேடையில் அன்னையின் குரல் திடீரென்று உடைந்துபோயிற்று. கூட்டம் கூச்சலிட்டது. அன்னைக்குப் பதிலாகச் சிறுவன் சார்லி மேடையேறிப் பாடினான். காசுகள் மழையாகப் பொழிந்தன. பாட்டை நிறுத்திவிட்டு, முதலில் காசைப் பொறுக்கிக்கொள்கிறேன் என்று அவன் சொல்லவே, அரங்கமே சிரிப்பில் அதிர்ந்ததாம். இதைத் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். மகன் முதன்முதலாக மேடையேறிய அந்த இரவுதான் அன்னையின் கலை வாழ்வு முடிந்த இரவு!

அதன்பின் ஹன்னா துணி தைத்துப் பிழைத்தார். வாடகை கொடுக்க முடியாமல் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு மாறிக்கொண்டே இருந்தார்கள். அந்தத் துன்பத்திலும் அன்னை சன்னலருகே அமர்ந்து, தெருவில் போவோர் வருவோரைக் கவனித்து, அவர்களைப் போலவே நடித்துக் காட்டிப் பிள்ளைகளை மகிழ்விப்பார். மனிதர்களை உற்று நோக்கும் கலையைச் சார்லி கற்ற முதல் பள்ளி அந்தச் சன்னலே எனின் மிகையாகாது.

பூங்காவில் ஒரு நாள்

1896ஆம் ஆண்டில் வேறு வழியின்றி மூவரும் லாம்பெத் ஏழையர் விடுதியில் சேர்ந்தனர். பிழைக்க வழியற்றவர்களுக்கு உணவும் கூரையும் தந்து, பதிலுக்கு வேலை வாங்கும் இடம் அது. அங்கே தாயையும் பிள்ளைகளையும் தனித்தனியே பிரித்துவிடுவார்கள். ஏழு வயதுச் சார்லி தமையனோடு ஹான்வெல் என்ற ஊரில் இருந்த ஏழைச் சிறுவர் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். சில மாதங்களில் சிட்னியும் கப்பற் பயிற்சிக்காகப் போய்விட, அவன் தனியனானான். படர்தாமரை நோய் கண்டபோது தலையை மழித்து மருந்து பூசினார்கள். மற்றப் பிள்ளைகளின் கண்ணில் படவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அக்காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி எங்கள் உள்ளத்தைத் தொட்டது. ஒருநாள் அன்னை, விடுதியைவிட்டு வெளியேறுவதாக எழுதிக் கொடுத்துப் பிள்ளைகளையும் வெளியே வரவழைத்தார். சிட்னியிடம் ஒன்பது பென்ஸ் இருந்தது. மூவரும் கென்னிங்டன் பூங்காவுக்குப் போய், அரைப் பவுண்டு கறுப்புச் செர்ரிப் பழம் வாங்கித் தின்றார்கள். செய்தித்தாளைச் சுருட்டி நூலால் கட்டிப் பந்து செய்து விளையாடினார்கள். பிறகு ஒரு கடையில் தேநீர் அருந்திவிட்டு, மாலையில் மீண்டும் விடுதியின் கதவைத் தட்டினார்கள்! அந்த அன்னைக்குப் போக வேறு இடம் இல்லை. ஆயினும் ஒரே ஒரு நாளேனும் தம் பிள்ளைகளோடு சேர்ந்திருக்க அவர் கண்டுபிடித்த வழி அது. வீடு இல்லாவிட்டாலும் அன்று ஒரு பகல் அவர்களுக்கு இல்லம் இருந்தது.

அவருடைய இளமையில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர்கள் வசித்த தெருவின் கோடியில் ஆட்டிறைச்சிக் கூடம் ஒன்று இருந்தது. ஒருநாள் ஓர் ஆடு தப்பித்து ஓடியது. துரத்தியவர்கள் தடுக்கி விழ, தெருவே கைகொட்டிச் சிரித்தது. சார்லியும் சிரித்தான். ஆட்டைப் பிடித்து உள்ளே இழுத்துச் சென்றபோதுதான் அதற்கு நேரப்போவது அவனுக்கு விளங்கியது. அழுதுகொண்டே அன்னையிடம் ஓடினான். சிரிப்பும் கண்ணீரும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருப்பவை என்பதை அன்றே அவன் உணர்ந்திருக்க வேண்டும்.

1898இல் அன்னையின் மனநலம் குலைந்தது. தந்தை 1901இல் இறந்தார். 1903இல் அன்னை மீண்டும் நோயுற்றபோது, பதினான்கு வயதுச் சார்லியே அவரைக் கைத்தாங்கலாக மருத்துவ விடுதிக்கு அழைத்துச் சென்றான். சிட்னியோ கடலில் இருந்தார். அதிகாரிகளின் கண்ணில் பட்டால் மீண்டும் ஹான்வெல்லுக்கு அனுப்பிவிடுவார்களே என்று அஞ்சி, வீட்டுக்காரியின் பார்வையில்கூடப் படாமல் ஒளிந்து வாழ்ந்தான். இப்பொழுது எங்கள் வயதை நினைத்துப் பார்த்தோம். நாங்கள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அஞ்சுகின்ற வயதில், அவர் தனிமைக்கும் பசிக்கும் அஞ்சிக்கொண்டிருந்தார்!

மேடையிலிருந்து திரைக்கு

ஒன்பது வயது முடியும் முன்பே நடனக் குழு ஒன்றில் சேர்ந்திருந்த சார்லிக்கு, 1903இல் ஷெர்லக் ஹோம்ஸ் நாடகத்தில் ஏவலாள் சிறுவன் வேடம் கிடைத்தது. 1908இல் பிரெட் கார்னோவின் நகைச்சுவைக் குழுவில் இடம் பெற்றார். அக்குழுவோடு அமெரிக்கா சென்றபோது படவுலகம் அவரை அழைத்தது. வாரம் 150 டாலர் ஊதியத்தில் கீஸ்டோன் நிறுவனத்தில் சேர்ந்தார்.

1914ஆம் ஆண்டு பிப்ரவரியில், நாம் முதலிற் சொன்ன அந்த விசித்திர உடையில் நாடோடி திரையில் தோன்றினான். அந்த உடையைக் கூர்ந்து பாருங்கள். பிறருடையதைக் கடன் வாங்கி உடுத்தியது போல எதுவுமே அவனுக்கு அளவாக இல்லை. ஆனாலும் கழுத்துப்பட்டை உண்டு, தொப்பி உண்டு, கைத்தடி உண்டு. ஏழைதான், ஆனால் கனவான்! தடுக்கி விழுந்தாலும் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொள்வான். மக்கள் அவனை உடனே தம்மவனாக ஏற்றுக்கொண்டனர். 1916இல் சாப்ளினின் ஆண்டு ஊதியம் 6,70,000 டாலராக உயர்ந்தது. 1919இல் மேரி பிக்போர்டு, டக்ளஸ் பேர்பாங்க்ஸ், கிரிபித் ஆகியோருடன் சேர்ந்து யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்.

செல்வம் வந்ததும் பலர் பழையதை மறப்பர். சாப்ளினோ தம் படங்களில் மீண்டும் மீண்டும் அந்த ஏழைத் தெருவுக்கே திரும்பினார். 1917இல் வெளிவந்த 'தி இம்மிக்ரன்ட்' படத்தில், பிழைப்புத் தேடி அமெரிக்கா வரும் கப்பற் பயணிகள் சுதந்திர தேவியின் சிலையைக் கண்டு மகிழ்கின்றனர். மறுகணமே அதிகாரிகள் அவர்களை மந்தையைப் போலக் கயிறு கட்டி நிறுத்துகின்றனர். 1918இல் வந்த 'எ டாக்ஸ் லைஃப்' படத்தில், வேலைவாய்ப்பு நிலையத்தில் நாடோடி முதல் ஆளாகவே நிற்கிறான். ஆனால் ஒரு சாளரத்திலிருந்து மறு சாளரத்துக்கு ஓடி ஓடி, கடைசியில் எல்லா வேலைகளும் பிறருக்குப் போய்விடுகின்றன. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் யாரைப் பார்த்துச் சிரித்தோம்? அவனுடைய பசியைப் பார்த்து அன்று. அவனைத் தள்ளிவிட்டு முந்துகின்ற உலகத்தைப் பார்த்து!

கூரைமேல் ஓடிய தந்தை

1919இல் சாப்ளினுக்குப் பிறந்த முதல் மகன் மூன்றே நாளில் இறந்தான். அந்தத் துயரத்தின் பின் அவர் உருவாக்கிய படமே 1921இல் வெளியான 'தி கிட்'. தெருவில் விடப்பட்ட குழந்தையை நாடோடி எடுத்து, ஓட்டை உடைசல் நிறைந்த மாடியறையில் வளர்க்கிறான். பையன் கல்லெறிந்து சன்னல் கண்ணாடியை உடைப்பான். பின்னாலேயே நாடோடி புதுக் கண்ணாடியோடு வருவான். இப்படி ஒரு பிழைப்பு! ஒருநாள் அநாதை விடுதி அதிகாரிகள் பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கைகளை நீட்டி அவன் கதற, நாடோடி கூரை விட்டுக் கூரை தாவி ஓடி, வண்டியில் குதித்து அவனை அணைத்துக்கொள்கிறான்.

ஹான்வெல்லுக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஏழு வயதுச் சார்லியை எந்தத் தந்தையும் கூரைமேல் ஓடி வந்து மீட்கவில்லை. தமக்குக் கிடைக்காததைத் திரையில் அந்தச் சிறுவனுக்குக் கொடுத்துவிட்டார் சாப்ளின். அதே 1921இல் நோயுற்ற அன்னையையும் கலிபோர்னியாவுக்கு வரவழைத்து, 1928இல் அவர் இறக்கும்வரை தனி வீட்டில் வைத்துப் பேணினார்.

நகரத்து விளக்குகள்

அவருடைய படைப்புகளில் எங்கள் கேள்விக்கு நேராக விடை சொன்னது 1931இல் வெளிவந்த 'சிட்டி லைட்ஸ்'. படவுலகம் பேசத் தொடங்கிவிட்ட காலம் அது. ஆயினும் நாடோடி பேசினால் அவன் ஒரு நாட்டுக்கு மட்டுமே உரியவனாகிவிடுவான் என்று கருதி, அதை ஊமைப்படமாகவே எடுத்தார்.

நகரத்தில் ஒரு சிலைத் திறப்பு விழா. திரையை விலக்கினால், சிலையின் மடியில் நாடோடி உறங்கிக்கொண்டிருக்கிறான்! அமைதியையும் வளத்தையும் போற்றி எழுப்பிய சிலை அது. அவனுக்கோ படுக்க வேறு இடம் இல்லை. இதைவிடச் சுருக்கமாக ஒரு பெருநகரத்தைப் படம்பிடிக்க இயலுமா?

பூ விற்கும் பார்வையற்ற பெண் ஒருத்தி, மோட்டார்க் கதவு சாத்தப்படும் ஓசையைக் கேட்டு நாடோடியைச் செல்வந்தன் என்று எண்ணிவிடுகிறாள். கண் தெரியாத பெண் ஏன் அவனைப் பணக்காரன் என்று நினைக்க வேண்டும்? இதற்கு விடை காணாமல் சாப்ளின் பல மாதங்கள் தவித்தார். அந்த ஒரு காட்சியை நூற்றுக்கணக்கான தடவை எடுத்தார். அவளுடைய வாடகைக்காகவும் கண் சிகிச்சைக்காகவும் நாடோடி தெருக் கூட்டுகிறான்; குத்துச்சண்டையில் அடி வாங்குகிறான். குடித்திருக்கும்போது அவனைக் கட்டித் தழுவும் கோடீசுவரன் ஒருவன், போதை தெளிந்ததும் யார் என்றே கேட்கிறான். அவன் கொடுத்த பணத்தைத் திருடியதாகப் பழி வர, அதை அவளிடம் சேர்த்துவிட்டுச் சிறைக்குப் போகிறான் நாடோடி.

மாதங்கள் கழிகின்றன. அவள் பார்வை பெற்றுச் சொந்தமாகப் பூக்கடை வைத்திருக்கிறாள். கந்தலோடு திரும்பும் நாடோடியைத் தெருப் பையன்கள் கேலி செய்ய, கடைக்குள்ளிருந்து அவளும் பார்த்துச் சிரிக்கிறாள். இரக்கப்பட்டு ஒரு பூவும் காசும் கொடுக்க வெளியே வருகிறாள். அவன் கையைத் தொடுகிறாள். தொட்டதும் அந்தக் கை யாருடையது என்று தெரிந்துவிடுகிறது!

படம் பார்த்த எங்களில் எவரும் சிறிது நேரம் பேசவில்லை. அதுவரை சன்னல் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அந்தக் கந்தலாடையைப் பார்த்து அவளைப் போலவே நாங்களும் சிரித்துக்கொண்டிருந்தோம் அல்லவா? சாப்ளின் நம்மைச் சிரிக்க வைத்தது சிரிப்போடு விட்டுவிடுவதற்காக அன்று. சிரித்தவளையே வெளியே அழைத்து வந்து, அந்த ஏழையின் கையைப் பற்ற வைப்பதற்காக.

இயந்திரமும் மனிதனும்

அப்படம் வெளியான ஆண்டில் சாப்ளின் உலகப் பயணம் மேற்கொண்டார். வட்டமேசை மாநாட்டிற்காக லண்டன் வந்திருந்த நம் காந்தியடிகளை 1931 செப்டம்பர் 22ஆம் நாள், கிழக்கு லண்டனின் ஏழைமக்கள் பகுதியில் ஓர் இந்திய மருத்துவரின் வீட்டில் சந்தித்தார். இயந்திரங்களைக் காந்தியடிகள் ஏன் எதிர்க்கிறார் என்று கேட்டார். இயந்திரத்தால் இந்தியா அன்னியருக்கு அடிமைப்பட்டதை எடுத்துச் சொல்லி, தேவையற்ற பொருள்களை விட்டொழிப்பதே விடுதலைக்கு வழி என்று அடிகள் விளக்கினார். 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால் நகரங்களில் இலட்சக்கணக்கானோர் வேலையிழந்து நின்றதையும் சாப்ளின் கண்டார். டெட்ராய்ட் மோட்டார் தொழிற்சாலைகளில் உழைத்து நரம்பு தளர்ந்துபோன இளைஞர்களைப் பற்றியும் கேள்வியுற்றிருந்தார்.

இவற்றின் விளைவே 1936இல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்'. ஓடும் பட்டையின் முன் நின்று நாள் முழுதும் திருகாணி முடுக்கும் தொழிலாளி, வேலை முடிந்தும் கை நிற்காமல் கண்டதையெல்லாம் முடுக்குகிறான். நேரத்தை மிச்சப்படுத்த உணவூட்டும் இயந்திரம் வேறு! அறிவு தடுமாறி வேலையை இழந்து சிறைக்குச் செல்பவன், விடுதலை என்றதும் இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேனே என்று கெஞ்சுகிறான். வெளியே இல்லாத சோறும் கூரையும் உள்ளே அல்லவா இருக்கின்றன!

தந்தையை இழந்து, தங்கைகளை அதிகாரிகள் கொண்டுபோக, தப்பியோடிய ஏழைப் பெண் ஒருத்தி அவனுக்குத் துணையாகிறாள். இருவரும் நடைபாதை ஓரத்தில் அமர்ந்து ஒரு வீட்டைக் கனவு காண்கின்றனர். அக்கனவில் சன்னலுக்கு வெளியே கை நீட்டினால் ஆரஞ்சுப் பழம். கூப்பிட்டால் வாசலுக்கு வந்து பால் தரும் பசு. உண்மையில் கிடைப்பதோ, தொட்டால் உத்தரம் தலையில் விழும் மரக்குடிசை. அதுவும் நிலைக்கவில்லை. இறுதியில் மனமுடைந்து அழும் அவளைத் தேற்றி, புன்னகை செய்யக் கற்றுக்கொடுத்து, விடியற்காலைச் சாலையில் கைகோத்து நடக்கிறான். முந்தைய சில படங்களில் தனியாகவே சாலையில் மறைந்தவன், இம்முறை துணையோடு போகிறான். நாடோடி என்ற பாத்திரம் அத்துடன் விடைபெற்றது.

இதில் எங்கள் சகோதரிகளுக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. சாப்ளின் முதலில் எடுத்த முடிவு வேறு. அதில் நாடோடி மருத்துவமனையில் இருக்க, அந்தப் பெண் கன்னியாஸ்திரி உடையில் வந்து அவனிடம் விடைபெறுகிறாள். பிறகு அதை நீக்கிவிட்டு இருவரையும் சேர்ந்து நடக்க வைத்தார். எந்த முடிவு சிறந்தது என்று எங்கள் வகுப்பில் இன்னும் வழக்கு முடியவில்லை!

அந்த நாடோடி கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தான். 1955இல் வெளிவந்த 'ஸ்ரீ 420' இந்திப் படத்தில், அலகாபாத்திலிருந்து பம்பாய்க்குப் பிழைக்க வரும் இளைஞனாக ராஜ் கபூர் அவனுடைய சாயலிலே தோன்றினார். 1986இல் 'புன்னகை மன்னன்' தமிழ்ப் படத்தில் கமல்ஹாசன் ஏற்ற ஒரு வேடத்தின் பெயரே சாப்ளின் செல்லப்பா.

மீண்டும் இடம் தேடி

மேதையின் வாழ்விலும் குறைகள் உண்டு. சாப்ளினின் முதல் மூன்று மணவாழ்வுகள் முறிந்தன. 1943இல் ஊனா ஓநீலை மணந்த பிறகே குடும்ப வாழ்வு நிலைபெற்றது; எட்டு மக்கள் பிறந்தனர். ஆனால் ஊர் நிலைக்கவில்லை. ஏழைகளுக்காகப் பேசியவரைப் பொதுவுடைமைவாதி என்று ஐயுற்ற அமெரிக்க அரசு, 1952இல் அவர் கப்பலில் லண்டன் சென்றுகொண்டிருந்தபோது, திரும்பி வரும் அனுமதியை இரத்துச் செய்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உழைத்த நாட்டின் கதவு அறுபத்து மூன்றாம் வயதில் சாத்தப்பட்டது! திரையில் எத்தனை முறை அந்தக் காட்சியை நடித்திருப்பார்!

சுவிட்சர்லாந்தில் வெவே நகருக்கு அருகே குடியேறினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1972இல் அதே அமெரிக்கா அவரை அழைத்துச் சிறப்பு ஆஸ்கர் விருது வழங்கியது. அரங்கில் இருந்தோர் அனைவரும் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். 1975இல் இங்கிலாந்து அரசி சர் பட்டம் அளித்தார். 1977ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று எண்பத்தெட்டாம் வயதில் அவர் கண் மூடினார். அவர் வாழ்ந்த மாளிகை 2016 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

தோழியரே, வாடகை கொடுக்க முடியாமல் அறை மாறுகிறவர்களும், பாலத்தின் அடியில் உறங்குகிறவர்களும், வேலை தேடி வந்து வழி தெரியாமல் நிற்கிறவர்களும் லண்டனில் மட்டுமா இருந்தார்கள்? நம் ஊர்ப் பேருந்து நிலையத்திலும் இருக்கிறார்கள். அளவில்லாத சட்டையும் தேய்ந்த செருப்புமாக நம் பள்ளிக்கு வருகிற ஒரு சிறுமியும் இருக்கலாம். அவளும் தன் தொப்பியைச் சரிசெய்துகொள்ளும் ஒரு கனவான்தான்.

ஏழையோடு சேர்ந்து சிரிப்பது வேறு. ஏழையைப் பார்த்துச் சிரிப்பது வேறு. இந்த வேறுபாட்டைச் சாப்ளின் ஏட்டில் படித்து அறியவில்லை. மழித்த தலையோடு ஹான்வெல்லில் நின்று அறிந்தார். நாம் அவ்வளவு துன்பப்படாமலே அறிந்துகொள்ளலாம். அதற்காகவே அவர் தம் படங்களை விட்டுச் சென்றிருக்கிறார். பூக்கடைப் பெண் கண்ணாடிக்கு உள்ளேயே இருந்திருந்தால், தனக்குக் கண் கொடுத்தவன் யார் என்று கடைசிவரை அறிந்திருக்க மாட்டாள்.